தட்டினால் வராத தாத்தா

"அதான் எல்லாத்தையும் நெட்டில் ஏத்திட்டாங்களே, பேரைத் தட்டினா வந்துடும்." புதுச்சேரியின் பூரணாங்குப்பம் பக்கம் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவு தேவைப்படும் வீடுகளில் கேட்கிற பேச்சு இது. தட்டியும் வராவிட்டால் அடுத்த தீர்ப்பு தயார்: "அந்தக் காலத்தில் யார் போய்ப் பதிஞ்சாங்க!"

முதல் நம்பிக்கை நேரத்தைத்தான் தின்னும். இரண்டாவது ஆபத்தானது. 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமை கோருகிறவரிடம் பாட்டன் பிறந்த பதிவைக் கேட்கிறார்கள். திரை வெறுமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு குடும்பம் தன் பாத்தியதையைக் கைகழுவுவது அநியாயம்.

பதிவேடுகள் இருக்கின்றன. காலனிகளின் பதிவேடுகளுக்கு நகல் எடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776 ஜூனிலேயே அரச ஆணை பிறந்தது. இங்கே கறையான் அரித்தாலும் அங்கே ஒரு பிரதி மிஞ்சும் என்பது கணக்கு. பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. படமெடுத்து இலவசமாக இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்.

ஆனால் அது படம், அவ்வளவுதான். பிரதேசம், ஊர், ஆண்டு மூன்றையும் தேர்ந்தெடுத்தால் பதிவேடு பக்கம் பக்கமாகத் திறக்கும். அதற்குமேல் தேடுகிறவர் கண்பாடு. சாய்வெழுத்தில் நீளும் பிரெஞ்சு வாசகம். சில பக்கங்களின் அடியில் சாட்சிகளின் தமிழ்க் கையொப்பம். அல்ஜீரியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்களுக்கு மட்டும் அதே காப்பகம் பெயர்வழித் தேடலைச் செய்து கொடுத்திருக்கிறது. யாருடைய பாட்டன் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது போலும்!

ஊரைத் தேர்ந்தெடுப்பதும் லேசில்லை. 1880இல் கம்யூன்கள் எனும் உள்ளாட்சிப் பிரிவுகள் உண்டானபோது புதுச்சேரிப் பகுதிக்கு நான்குதான்: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். பூரணாங்குப்பம் இன்று அடங்கியிருக்கும் அரியாங்குப்பம் தனி கம்யூன் ஆனது 1907இல். 1890இல் பிறந்தவரை இன்றைய கம்யூன் பெயரில் மட்டும் தேடினால் கோட்டை விட நேரலாம்.

பெயர் அதைவிடச் சிக்கல். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். முத்துசாமியின் 'மு'வுக்கு எம், ஓ, யூ என்று மூன்றெழுத்து. டி ஒன்றா இரண்டா, எஸ் ஒன்றா இரண்டா என்பது அன்றன்றைய பேனாவின் இஷ்டம். 1854இல் ஒரேலி கப்பலில் தொடங்கி குவாதலூப் தீவுக்குப் போன கூலிகளின் சந்ததியில் 'மூத்தூசாமி' இன்றும் குடும்பப் பெயர். இதில் 1881 ஆணைப்படி மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று ரெனோன்சான் ஆனவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வேறு சூடிக்கொண்டார்கள். பேரன் அந்தப் பெயரைத் தட்டினால் 1870இல் பிறந்த பாட்டன் எப்படி வருவார்?

"ஏஐ வந்துடுச்சு, அது பார்த்துக்கும்" என்பது புது நம்பிக்கை. பார்த்துக்கொள்ளும்தான், யாராவது சொல்லிக்கொடுத்தால். எழுத்தை விட்டு ஒலியைப் பிடித்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918இலேயே காப்புரிமை வழங்கியாகிவிட்டது. 1693இல் புதுச்சேரியைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக் கம்பெனியின் கையெழுத்துப் பக்கங்கள் ஏறத்தாழ 50 லட்சத்தை நெதர்லாந்துக்காரர்கள் இயந்திரத்தால் படிக்கவைத்து, சொல் சொல்லாகத் தேடும்படி செய்திருக்கிறார்கள். அதற்கும் முதலில் மனிதர்கள் உட்கார்ந்து மாதிரிப் பக்கங்களை எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. விளைவு, டச்சு வணிகன் வாங்கிய துணிமூட்டையைத் தேடலாம். பூரணாங்குப்பத்து முத்துசாமியைத் தேட முடியாது.

டெல்லி மட்டும் என்ன? தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் பெரும்பாலும் கோப்பின் தலைப்பைத்தான் தேட முடிகிறது. தலைப்பில் ஊர்ப்பெயர் இல்லையென்றால் ஊரே இல்லை.

புதுச்சேரி அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கிராமத்துக்கும் பிரெஞ்சு எழுத்தில் வழங்கிய பெயர்கள், அது எந்த ஆண்டில் எந்தக் கம்யூனில் இருந்தது, தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சில் எடுத்த வடிவங்கள் எனப் பட்டியல் போட்டு வெளியிடலாம். பழைய பிரெஞ்சுப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அதுவரை தேடுகிறவர்கள் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களை முதலில் திறப்பது நல்லது. ஆண்டு முடிவில் அங்கே பெயர்ப்பட்டியல் சேர்ப்பது பிரெஞ்சுக்காரர் வழக்கம்.