விசருக்கோ காசு சேர்க்கிறியள்?

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாள் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்தார்கள். வழிநெடுகச் சனமும் சேர்ந்து நடந்தது. போன மாதம் நாங்கள் சைக்கிள் ஓடி, இளம் ஆக்களின் மனநலத்துக்கென்று உண்டியல் நீட்டினோம். "விசருக்கோ?" என்றார் ஒரு கடைக்கார அண்ணை. ஆயிரம் ரூபா போட்டார். பற்றுச்சீட்டில் பேர் எழுத வேண்டாமாம். காசில அவருக்குப் பிரச்சினை இல்ல, பேர் தெரியிறதுதான். இதே கூச்சத்தோடதான் எங்கட வயதுப் பிள்ளையளும் கிளினிக் வாசல்வரை போய்த் திரும்பி வருகினம்.

ஆகவே போஸ்டரில் கிலோமீற்றரையும் தொகையையும் போட்டால் காணாது. சேர்ந்த காசு எத்தனை பேரின் பஸ் செலவுக்கு, தமிழ் கதைக்கிற ஆற்றுப்படுத்துநர் ஒருவரின் எத்தனை மாதச் சம்பளத்துக்கு என்றும் எழுதுவம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐச் சைக்கிளில் பெரிசா ஒட்டுவம். அடுத்தமுறை முதல்ல அந்த அண்ணையின்ர கடைக்குத்தான் போறம்.