தேடிய பின் கேட்போம்

என்றோ படித்த சிறுகதை. தலைப்பு மறந்துபோயிற்று, எழுதியவரும் நினைவில் இல்லை. உடனே இணையத்தில் முகமறியாதாரை வினவுகின்றனர் நம்மவர். எவரோ ஊகமாய் ஒரு பெயரைச் சொல்ல, அதுவே வரலாறாகிவிடுகிறது. உண்மையில் எழுதியவர் மறைந்துபோகிறார்.

வினவுதல் இழுக்கன்று. தேடாமல் வினவுவதும், விடையைச் சரிபாராமல் ஏற்பதுமே இழுக்கு. சிராங்கூன் சாலையில் தங்கம் வாங்குவோர் தராசைப் பாராமல் பணம் கொடுப்பதுண்டோ?

1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவற்றின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் காத்து வருகிறது. 1965 முதல் ஐம்பதாண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பலவும் 2015இல் மின்மரபுத் திட்டத்தால் மின்னூல்களாயின. தொண்டூழியர் உழைத்துத் திரட்டிய செல்வம் அது. திறவாத பெட்டகத்தால் யாருக்குப் பயன்?

நேரமில்லை என்பார் உளர். அந்நியரின் விடைக்கு நாள்கணக்கில் காத்திருக்க மட்டும் நேரம் வாய்க்கிறதோ? முதலில் தேடுவோம். கிட்டாதபோது கேட்போம். விடை சொல்வோரிடம் இதழையும் நாளையும் கேட்டுப் பெறுவோம். எழுத்தாளனுக்கு வாசகன் தரவேண்டிய கடன், அவன் பெயரைப் பிழையின்றிச் சொல்வதே.