கைம்மாறு யாருக்கு?

அடித்தள மக்களிடையே உதவித் திட்டங்களை நடத்துவோரை அணுகி, இப்பணியில் நீங்கள் கண்ட பயன் யாது எனக் கேட்டால், "மனநிறைவு" என்ற மறுமொழியே பெரும்பாலும் வரும். கொடுத்ததைவிடப் பெற்றதே மிகுதி என்றும் சிலர் சேர்த்துச் சொல்வர். பணிவுடன் ஒலிக்கும் இச்சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். ஏழையின் பசி நமக்கு நிறைவு தரும் கருவியாகிவிடின், அப்பசி அடியோடு தீர வேண்டும் என்னும் வேட்கை நம்முள் எத்தனை நாள் உயிர்வாழும்?

நம் திருப்பூரையே பாருங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என எங்கிருந்தெல்லாமோ வந்தோரின் கைகள் இன்று நம் பனியன் கம்பெனிகளில் உழைக்கின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கூலி நின்றபோது, அவர்களுக்கு அரிசியும் பருப்பும் கொண்டு சென்றோர் போற்றுதற்குரியோர். ஆனால் அவசரக் காலத்து மருந்தையே அன்றாட உணவாக்குவது முறையாகுமா? கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் போர்வை, தவக்காலத்துக்கு அரிசிப்பை, நடுவே ஒரு மேடை, ஒரு நிழற்படம். இதனோடு நம் கடமை முடிந்ததென்று எண்ணுவோர் நம்மிடையே இல்லையா?

அவர்களுக்கு உரியவை வேறு உண்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் இணைந்தது. தம் ஊர் அட்டையைக் காட்டி இங்குள்ள கடையிலேயே தானியம் பெறலாம் என்பதை எத்தனை குடும்பங்களுக்கு நாம் எடுத்துரைத்தோம்? கூலியில் பிடித்த பி.எஃப். பணம், ஆதார் அட்டையில் ஒரு பெயரும் கணக்கில் வேறொரு பெயரும் இருப்பதால் கைக்கு வராமல் முடங்கிப்போவதுண்டு. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். தொண்டு அமைப்பைச் சேர்ந்த வெளியார் ஒருவருக்கும் அதில் இடமுண்டு. நம் பங்குகளில் படித்த பெண்களுக்கா பஞ்சம்?

"இவை அரசின் வேலை, தொழிற்சங்கத்தின் வேலை" என்பர் சிலர். "நம் பங்கிலும் முதலாளிகள் உளர், நன்கொடை நின்றுவிடுமே" என்று தாழ்ந்த குரலில் கூறுவோரும் உளர். இவ்விரு தரப்பினர்க்கும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி வெளியிட்ட ஏட்டிலேயே விடையுள்ளது. நீதிப்படி தர வேண்டியதை அன்பின் கொடையாகத் தரலாகாது என்றும், உதவி பெறுவோர் படிப்படியாகப் பிறரைச் சாராது வாழும் வகையில் உதவி அமைய வேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. கூலியில் குறைத்ததை நன்கொடையால் ஈடுசெய்ய இயலாது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பட்டறிவும் இங்கே கருதத்தக்கது. கத்தோலிக்கரான தான்சானியத் தலைவர் ஜூலியஸ் நைரேரே, 1967ஆம் ஆண்டு அருஷா அறிக்கையின் வழியாக, அயலார் பணத்தை நம்பாத தற்சார்பை வற்புறுத்தினார். சீரிய கொள்கைதான். எனினும் எழுபதுகளில் அவரது அரசே மக்களைக் கட்டாயப்படுத்திப் புதிய கிராமங்களில் குடியேற்றியபோது, அக்கொள்கை தன் உயிரை இழந்தது. மக்களைக் கேளாமல் மக்களுக்குச் செய்யும் நன்மை, நல்லோர் கையிலும் திரிந்துபோகும்.

எக்காளம் ஊதி அறஞ்செய்வோர் பெறும் கைம்மாறு எத்தகையது என்பதை மலைப்பொழிவு நமக்கு உணர்த்தியிருக்கிறது. தொண்டு நடத்துவோர் விரும்பத்தக்க கைம்மாறு வேறொன்று: நேற்றுவரை நம் முன் கைகட்டி நின்றவர், இன்று நிமிர்ந்து நின்று, "கணக்கைக் காட்டுங்கள்; இந்தப் பட்டியலில் என் பெயரை யார் எழுதியது?" என்று நம்மையே வினவும் நாள். அந்நாள் தானாக வராது. அடுத்த உதவித் திட்டத்துக்கான குழுவை அமைக்கும்போது, ஒரு தையல் தொழிலாளியையும் ஒரு செக்கிங் பெண்ணையும் அதில் அமர்த்துவோம். வரவுசெலவு ஏட்டை அவர்கள் கையில் கொடுப்போம். அதற்கு நம் மனம் தயங்குமாயின், இத்தனை காலமும் நாம் யாருக்குத் தொண்டு செய்தோம்?