மே மாதம் பாட்டு டீச்சருக்கும் உண்டு

"கம்ப்யூட்டர் வாங்கிவிட்டோம். பையன் கேம்ஸ் விளையாடுகிறான், நாங்கள் படம் பார்க்கிறோம். வேறு என்ன செய்வது?" புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பிள்ளை பாட்டோ வயலினோ கற்றுக்கொண்டால், அந்த வகுப்புக்கு ஒரு வருட அட்டவணை போடுங்கள் என்பேன். இது சின்ன விஷயம் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். என் மகளுக்கு வாரம் இரண்டு நாள் பாட்டு வகுப்பு. ஏப்ரல் வந்தால், "பரீட்சை டீச்சர்." மே வந்தால், "பாட்டி ஊருக்குப் போறா டீச்சர், ஜூன்ல பாக்கலாம்." அவரும் "சரிங்க சார்" என்பார். வராத மாதத்துக்கு பீஸ் கிடையாது. இது நியாயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ஜூன் மாதம் போனபோது டீச்சர் வகுப்பையே நிறுத்தியிருந்தார். "ரெண்டு மாசம் ஒரு பிள்ளையும் வரலை சார். வாடகை குடுக்கணுமே" என்றார். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். அடுத்த டீச்சர் கிடைக்க எங்களுக்கு ஆறு மாதம் ஆனது. அதற்குள் மகள் வர்ணத்தைப் பாதி மறந்துவிட்டாள்.

தவறு யாருடையது? எல்லாப் பெற்றோருடையதும்தான். பொங்கல் விடுமுறைக்கு நமக்குச் சம்பளம் பிடித்தால் சும்மா இருப்போமா?

என் கருத்து இதுதான். பீஸை மாதக் கணக்கில் பேசாதீர்கள். வருடத்துக்கு இத்தனை வகுப்பு என்று பேசுங்கள். ஒரு உதாரணம்: வருடத்துக்கு 52 வாரம். ஆண்டுத் தேர்வுக்கு 2, மே மாதம் ஊருக்கு 3, காலாண்டு, அரையாண்டு, பொங்கல், தீபாவளிக்கு ஒவ்வொன்று, டீச்சரின் சொந்த விடுப்பு 3. ஆக 12 வாரம் கழிந்தது. மீதி 40 வாரம், 80 வகுப்பு. ஒரு வகுப்புக்கு 150 ரூபாய் என்றால் 12,000 ரூபாய். அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000 ரூபாய். மே மாதமும் அதே 1,000 ரூபாய்தான். "வராத மாதத்துக்கு ஏன் காசு?" என்று கேட்பவர்களுக்கு: நடந்த வகுப்புக்குத்தான் தருகிறீர்கள், தவணையில் தருகிறீர்கள். தவணையில் வாங்கிய கம்ப்யூட்டரை ஒரு மாதம் ஆன் செய்யவில்லை என்று தவணையை நிறுத்த முடியுமா?

இனி அட்டவணை. எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், இலவசம். முதல் காலத்தில் ஒரு திங்கட்கிழமைத் தேதியையும், அதன் கீழே அடுத்த திங்களையும் டைப் செய்யுங்கள். இரண்டையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். வருடம் முழுவதும் வந்துவிடும். இரண்டாவது காலத்தில் பள்ளி விடுமுறைகள். ஸ்டேட் போர்டு பிள்ளைக்கும் சிபிஎஸ்இ பிள்ளைக்கும் விடுமுறை வேறு வேறாக வரும். எனவே அவரவர் பள்ளி டைரியைப் பார்த்தே நிரப்புங்கள். மூன்றாவது காலத்தில் உங்கள் ஷிப்ட். எனக்கு மாலை ஆறு மணி வகுப்புக்கு பி ஷிப்ட் வாரம்தான் இடிக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை யார் அழைத்துப் போவது என்பதை இப்போது ஜூன் மாதமே முடிவு செய்துவிடுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. நான் 3/10 என்று அக்டோபர் 3-ஐ டைப் செய்ய, கம்ப்யூட்டர் அதை மார்ச் 10 ஆக்கிவிட்டது. அமெரிக்க முறையில் மாதம்தான் முதலில் வரும். விண்டோஸில் ரீஜன் அமைப்பை 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று மாற்றிய பிறகு தேதிகளைப் போடுங்கள்.

விடுமுறை என்றால் இசைக்கும் விடுமுறை என்று நினைக்க வேண்டாம். 1927 டிசம்பர் கடைசியில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, கூடவே நடந்த இசை மாநாட்டின் விளைவாகத்தான் 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்றும் மார்கழிக் கச்சேரிகள் அரையாண்டு விடுமுறையில்தான் களை கட்டுகின்றன. பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ மின்சார ரயிலில் ஒரு நாள் அழைத்துப் போங்கள். அதையும் அட்டவணையில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. அட்டவணையை ஹார்ட் டிஸ்க்கில் பூட்டி வைக்காதீர்கள். இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றை டீச்சரிடம் கொடுங்கள், ஒன்றை வீட்டுக் காலண்டர் பக்கத்தில் மாட்டுங்கள். ஆயுத பூஜை அன்று தம்புராவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்போம். மறுநாள் விஜயதசமி, பாடம் தொடங்கும் நாள். அன்று பாடம் சொல்லித்தர டீச்சர் இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்தக் கணக்கு.