யாரைக் கேட்டு வைத்த பணயம்?

சென்ற வாரம் நம் அலுவலகத்துக்கு ஓய்வுபெற்ற மின்வாரிய எழுத்தர் ஒருவர் வந்தார். கைப்பேசியில் ஒரு டெலிகிராம் குழுவைத் திறந்து மேசைமேல் வைத்தார். கனடாவில் பட்டியலிட்ட சின்னஞ்சிறு தங்கச் சுரங்க நிறுவனம். ஆப்பிரிக்காவில் எங்கோ துளை போட்டுக்கொண்டிருக்கிறது. பங்கு இன்று இருபது சென்ட், அடுத்த தீபாவளிக்குள் இரண்டு டாலர் என்றது செய்தி. “பணிக்கொடைப் பணம் ஆறு லட்சம் பேங்க்ல சும்மாதான் கிடக்கு சார். போடலாமா?” என்றார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டோம். “இல்ல சார். ஏறினதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு…” என்று இழுத்தார்.

அந்த அரைகுறை வாக்கியம் நம்மை விடவில்லை.

2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. அதே மாதம் சென்னையில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. நகைக்கடைக்குப் போக அஞ்சுகிற குடும்பங்களை நோக்கி, தங்கமாக வாங்க முடியாவிட்டால் சுரங்கமாக வாங்குங்கள் என்ற அழைப்பு வருகிறது. ஒரு மோதிரம் வாங்கப் போனால் ஹால்மார்க் முத்திரையைத் தேடிப் பார்க்கிறோம். கல் எடையைக் கழித்தார்களா என்று பில்லைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறோம். சேதாரத்தில் அரை சதவீதம் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறோம். அவ்வளவு எச்சரிக்கையான வீட்டுப் பணம், கண்ணில் காணாத பாறைக்குள் இருக்கிறதோ இல்லையோ என்ற தங்கத்தை நம்பிப் போகிறது.

தங்கம் விலை ஏறினால் சுரங்கப் பங்கு அதைவிட வேகமாக ஏறும் என்பது தோண்டி எடுத்து விற்கிற நிறுவனத்துக்குப் பொருந்தும். தோண்டும் செலவு அதேபோல் இருக்க விலை மட்டும் ஏறினால் லாபம் பல மடங்காகும். இறங்கும்போதும் அதே வேகம்தான். ஆனால் இப்படிக் குழுக்களில் சுற்றுபவை பெரும்பாலும் அந்த ரகம் அல்ல. இவற்றுக்குச் சுரங்கமே கிடையாது, வருமானமும் கிடையாது. கையில் இருப்பது ஒரு நிலத்தில் தேடிப் பார்க்கும் உரிமை. தேடும் செலவுக்குப் புதிய பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருப்பார்கள். பழைய பங்குதாரரின் பங்கு கரைந்துகொண்டே போகும். உண்மையிலேயே தங்கம் கிடைத்தாலும், முதல் துளையிலிருந்து முதல் கட்டி வரை பத்தாண்டுக்கு மேல் ஆவது சாதாரணம்.

துளை போடும் எந்திரம் பூமிக்குள்ளிருந்து பாறையை நீள உருளையாக இழுத்து வரும். ‘கோர்’ என்பார்கள். அதை மீட்டர் வாரியாகப் பெட்டிகளில் அடுக்கி, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். மறுபாதி பெட்டியிலேயே இருக்கும், நாளை யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்ட. டன்னுக்கு ஒரு கிராம், அதாவது ஆயிரம் கிலோ கல்லில் ஒரு மூக்குத்தி அளவு இருந்தாலே பல இடங்களில் திறந்தவெளிச் சுரங்கத்துக்குக் கட்டுபடியாகும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் கிடக்கும். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1921இல் எழுதிய நூலில் இடரையும் நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டினார். பகடை உருட்டுவது இடர். ஆறில் ஒன்று என்று கணக்குச் சொல்லலாம். கணக்கே சொல்ல முடியாதது நிச்சயமின்மை. துளைகளுக்கு நடுவே கிடக்கும் பாறை இந்த இரண்டாம் வகை. தெரியாததில் துணிந்து பணம் போடுவதைப் பாவம் என்று நாம் சொல்லவில்லை. யாரும் துணியாவிட்டால் எந்தச் சுரங்கமும் திறந்திருக்காது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்பதும், இழப்பைச் சுமக்கப் போகிறவரைக் கேட்காமல் பணயம் வைப்பதும்தான் குற்றம்.

இதற்கான பாடம் நம் மலையிலேயே இருக்கிறது. கூடலூரைத் தாண்டித் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் போனவர்களுக்குப் பழைய சுரங்கக் குழிகளைத் தெரிந்திருக்கும். தென்கிழக்கு வயநாடு என்ற அந்தப் பகுதி 1877இல் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. பழங்குடி மக்கள் ஓடை மணலை அரித்துத் தங்கப்பொடி எடுத்துவந்த இடம். 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசு வரவழைத்தது. பாறைகளில் தங்கம் நிறைய இருக்கிறது என்று அவர் அறிக்கை கொடுத்தார். லண்டன் சந்தைக்குப் பித்துப் பிடித்தது. இரண்டு மூன்று ஆண்டுக்குள் இந்தியத் தங்கத்தை நம்பி 41 நிறுவனங்கள், மொத்தம் 50 லட்சம் பவுண்டு மூலதனம். அவற்றில் 33 வயநாட்டை நம்பியவை.

அந்தப் பணம் போன வழியைப் பாருங்கள். நோயால் காய்ப்பு நின்றுபோன காப்பித் தோட்டங்கள் ஒரே இரவில் தங்க நிலங்களாக மாறின. ஏக்கர் 70 பவுண்டிலிருந்து 2,600 பவுண்டு வரை விலை பேசப்பட்டது. திரட்டிய தொகையில் பெரும்பங்கு நிலம் விற்றவர்களிடமும் நிறுவனம் தொடங்கியவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. பாறையை இடிக்க மிஞ்சியது கொஞ்சம். வெயிலும் மழையும் அரித்த மேற்பாறையில் தங்கம் செறிந்திருந்தது, உள்ளே போகப் போக இல்லை. சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. தங்கம் கிடைக்காமல் போனதற்காக அவர்களை நாம் பழிக்கவில்லை. செத்த காப்பிச் செடிக்குத் தங்க விலை வைத்தவர்களுக்கு, தாங்கள் விற்பது என்ன என்று தெரியும். லண்டனில் வாங்கியவருக்குத் தெரியாது. அது வஞ்சனை. நூற்று நாற்பது ஆண்டு கடந்தும் அதற்கு வேறு பெயர் இல்லை.

அதே பித்தில், அதே ஆண்டுகளில் பிறந்ததுதான் கோலார். 1880இல் தொடங்கிய மைசூர் நிறுவனத்தின் கதையும் வயநாட்டைப் போலத்தான் ஆரம்பித்தது. மூன்று நான்கு ஆண்டில் பணம் கரைந்தது, பங்கு விலை பென்னிகளுக்கு இறங்கியது, கையில் சுமார் 13,000 பவுண்டு மிச்சம். மூடிவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்தது. கடைசியாக ஒருமுறை தோண்டிப் பாருங்கள் என்று ஜான் டெய்லர் நிறுவனத்தார் ஆலோசனை சொன்னார்கள். பங்குதாரர்கள் சம்மதித்தார்கள். அந்தக் கடைசிப் பணத்தில் கிடைத்ததுதான் சாம்பியன் என்ற தங்கப் படிவம். 2001இல் மூடும்வரை கோலார் தந்த தங்கம் சுமார் 800 டன்.

இந்தக் கதையைப் பங்கு விற்பவர்கள் ஆசையாகச் சொல்வார்கள்: கடைசி வரை பிடித்துக்கொண்டவர் ஜெயித்தார் என்று. நாம் பார்ப்பது வேறு. மிச்சம் எவ்வளவு என்பது மேசைமேல் வைக்கப்பட்டது, போனால் போகப்போவது யாருடையதோ அவர்கள் கேட்கப்பட்டார்கள். சாம்பியன் படிவம் கிடைக்காமலே போயிருந்தாலும் அந்த முடிவு நேர்மையான முடிவுதான். கிடைத்ததால் அது சரியாகிவிடவில்லை.

கோலாரிலும் கேட்கப்படாதவர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிப் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். அழுத்தம் தாங்காமல் வெடித்த பாறைக்கும், நுரையீரலில் படிந்த கல்தூசிக்கும் அவர்கள் உடம்பைக் கொடுத்தார்கள். லாபத்தில் பங்கு கொடுக்காமல் அவர்கள் உயிரைப் பணயம் வைத்த முறையை எந்த ஈவுத்தொகைக் கணக்கும் நியாயப்படுத்தாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற காட்டுப் பகுதி. கனடாவின் கால்கரி நகரிலிருந்து இயங்கிய பிரே-எக்ஸ் என்ற சிறு நிறுவனம் 1993இல் அதை வாங்கியது. துளை போடப் போடத் தங்கம் கூடிக்கொண்டே போனது. 1997 தொடக்கத்தில் 7 கோடி அவுன்ஸ் என்றார்கள். சில்லறைக் காசுக்கு விற்ற பங்கு ஏறி, நிறுவனத்தின் சந்தை மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. அங்கே ஒரு வழக்கம் மீறப்பட்டிருந்தது. கோரை இரண்டாக அறுத்துப் பாதியைக் காக்கவில்லை, முழுவதையும் பொடியாக்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. போய்வந்த சந்தை ஆய்வாளர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் வாங்குங்கள் என்றே எழுதினார்கள்.

கூட்டாளியாக வந்த ஃப்ரீபோர்ட் நிறுவனம் 1997 மார்ச்சில் அதே துளைகளின் அருகே தானும் துளை போட்டது. சொல்லும்படி தங்கம் இல்லை. அந்த மாதமே, புசாங்கின் புவியியலாளர் மைக்கேல் டி குஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற தனி ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வந்தது: பொடியாக்கிய மாதிரிகளில் வெளியிலிருந்து கொண்டுவந்த தங்கத்தூளைக் கலந்திருக்கிறார்கள். தலைமைப் புவியியலாளர் ஜான் ஃபெல்டர்ஹோஃப் மீதான பங்குச்சந்தை வழக்கில் 2007இல் அவர் விடுவிக்கப்பட்டார். சிறைக்குப் போனவர் யாருமில்லை. ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிக்கு மட்டும் இழப்பு சுமார் 10 கோடி டாலர். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த அந்த ஆசிரியர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அவர்களுடைய முதுமை ஒரு காட்டில் பணயமானது.

அதற்குப் பிறகு, 2001இல் கனடா கடுமையான விதி கொண்டுவந்தது. தகுதியுள்ள நிபுணர் கையெழுத்திடாமல் எவ்வளவு தங்கம் என்று அறிவிக்க முடியாது. உத்தேச வளம் வேறு, தோண்டினால் கட்டுபடியாகும் என்று நிறுவப்பட்ட இருப்பு வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் நிறுவனத்தின் அறிக்கையில் இருக்கும் அந்த எச்சரிக்கை வரி, குழுவில் வரும் குறுஞ்செய்தியில் இருப்பதில்லை. வெட்டி எறிந்தவர் யாரோ, அவரே அந்தப் பொய்க்கு முழுப் பொறுப்பாளி. காசு வாங்கிக்கொண்டு வெட்டியிருந்தால் அவர் திருடர். இந்த நாட்டில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் பதிவு பெறாமல் பங்கு ஆலோசனை விற்பது சட்டமீறல். கைப்பேசித் திரைக்குப் பின்னால் இருந்து செய்தாலும் சட்டமீறல்தான். ஆட்கள் நொடித்த பிறகு நடவடிக்கை வருவதில் பயனில்லை, இப்போதே வர வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் நம்மிடம் கடுமையான சொல் உண்டு. சொந்தச் சம்பாத்தியத்தில், போனாலும் அடுப்பு எரியும் என்ற தொகையில், இது முழுதாகப் போகலாம் என்று தெரிந்து ஒருவர் இத்தகைய பங்கு வாங்கினால் அது அவர் உரிமை. நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பணிக்கொடையும், மகளின் படிப்புக்குச் சேர்த்ததும், மனைவியின் நகையை அடகு வைத்து எடுத்ததும் ஒருவர் பணம் அல்ல. சூதாடித் தோற்ற சபையில் பாஞ்சாலி கேட்ட கேள்வியைத் தெருக்கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தருமனின் குற்றம் தோற்றபோது தொடங்கவில்லை. அவளைக் கேட்காமல் பகடையைக் கையில் எடுத்தபோதே தொடங்கிவிட்டது. ஏறினால் சொல்லலாம் என்று மறைக்கிறவர், இறங்கினாலும் மறைக்கத்தான் போகிறார்.

எழுத்தரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போய் முதலில் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னோம். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“அவ வேணாம்னு சொல்லிட்டா சார்?”

“அப்போ அந்தப் பணம் அங்கே போகக் கூடாது” என்றோம்.