கிணற்றுக்கு மூடி இருக்கிறதா?

கோடை விடுமுறை வந்தால் சிறுவர் முகாம் அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. நீச்சல், ஓவியம், கராத்தே என்று பட்டியல் நீளும். பெற்றோர்களே, நாம் கட்டணத்தையும் வேன் வசதியையும் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மத்ரஸாவில் நான் நடத்திய முகாமுக்குப் பிள்ளையைச் சேர்க்க வந்த தாயார் ஒருவர், “ஹஜ்ரத், கொல்லைக் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா?” என்று கேட்டார். சொல்ல வெட்கமாயிருக்கிறது, எனக்குச் சினமே வந்தது. போய்ப் பார்த்தேன். இரும்பு வலை ஒருபுறம் துருப்பிடித்துப் பெயர்ந்து கிடந்தது. புதுவலை பொருத்திய பிறகே வகுப்பைத் தொடங்கினோம்.

நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் ஓசையின்றியே மூழ்கிவிடும். எனவே, நீச்சல் நேரம் முழுவதும் கண்ணெடுக்காமல் கவனிக்க, நீந்தத் தெரிந்தவர் எவர் என்று கேளுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையற்கூடத்தில் மூண்டு கூரைக்குப் பரவியதாகும். ஆகவே அடுப்பு எங்கே, வெளியேறும் வழிகள் எத்தனை என்றும் கேளுங்கள். மாலையில் பிள்ளையை எவரிடம் ஒப்படைப்பார்கள், பெண் பிள்ளைகளுடன் ஆசிரியை இருப்பாரா என்பனவும் கேட்க வேண்டியவையே.

நடத்துபவர் முகம் சுளிக்கலாம், நானும் சுளித்தவன்தான். சுளித்த பிறகு எழுந்துபோய்ப் பார்க்கிறாரா என்பதைக் கவனித்துப் பணத்தைக் கட்டுங்கள்.