அனுமனுக்கு வேண்டாத வக்காலத்து

சென்ற இதழில் வந்த குரங்குக் கட்டுரையின் சாரத்தை நாலு வரியில் சொல்லிவிடலாம். சீனர்கள் கொண்டாடும் சுன் வுகோங், அதாவது ‘மேற்கு நோக்கிய பயணம்’ நாவலின் குரங்கு வீரன், நம் அனுமனின் நகல். சோழநாட்டு வணிகர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோன கதையைச் சீனர்கள் பெயர் மாற்றி வைத்துக்கொண்டார்கள். தாய்லாந்துக்காரர்கள் பெயரை மாற்றவில்லை, ஆளையே கெடுத்துவிட்டார்கள். ஆகவே 2024இல் உலகமெங்கும் விற்ற ‘பிளாக் மித்: வுகோங்’ என்ற கணினி விளையாட்டைச் செய்தவர்கள் இந்தியாவுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். இதைப் பக்திக் கட்டுரை என்று போட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ‘ஆய்வு’ என்று போட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த ‘மறைக்கப்பட்ட உண்மை’. அனுமனுக்கும் வுகோங்குக்கும் உள்ள உறவைச் சீனர்கள் மூடி மறைத்துவிட்டார்களாம், இவர் தோண்டி எடுத்திருக்கிறாராம். பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹூ ஷி 1923இலேயே வுகோங்கின் மூலம் அனுமனாக இருக்கலாம் என்று அச்சில் எழுதினார். அதே காலத்தில் லூ ஷுன் அதை மறுத்து, ஹுவாய் ஆற்றில் வெள்ளம் கிளப்பியதற்காகச் சங்கிலியில் கட்டப்பட்ட வூச்சிச்சி என்ற குரங்குருவ நீர்ப்பூதத்தைக் காட்டினார். 1930இல் சென் யின்கோ பௌத்த நூல்களின் சீன மொழிபெயர்ப்புகளைப் புரட்டி, இந்தியக் கதைத் துண்டுகள் எப்படி ஒட்டிக்கொண்டன என்று காட்டினார். பிறகு ஜி சியான்லின் இந்திய மூலம் என்ற கட்சிக்கே வலுச் சேர்த்தார். கலாச்சாரப் புரட்சியில் தண்டனையாக வாயிற்காவல் வேலைக்கு அனுப்பப்பட்ட காலத்தில் வால்மீகி இராமாயணம் முழுவதையும் சமஸ்கிருதத்திலிருந்து சீனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். நூறு வருடமாகச் சீனர்களே உரக்கப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை இது. கட்டுரையாளர் காதில் விழவில்லை என்பதற்காக அது மறைக்கப்பட்டதாகிவிடாது.

இனி அவருடைய ஒற்றுமைப் பட்டியல். இருவரும் பறக்கிறார்கள், இருவரும் உருவத்தைப் பெருக்கிச் சுருக்குகிறார்கள், இருவர் கையிலும் ஆயுதம், இருவரும் ஒரு புனிதருக்கு ஊழியம் செய்கிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நீலக் கதவு இருக்கிறது. அந்த இரண்டு குடும்பமும் பங்காளிகள் என்று பத்திரம் எழுத முடியுமா? பறக்காத தேவனும் உருமாறாத அசுரனும் ஆசியக் கதைகளில் எத்தனை பேர்?

ஆயுதம் விஷயத்தில் கட்டுரையாளர் தம் கட்சிக்காரரையே சரியாகப் பார்க்கவில்லை. கதாயுதம் ஏந்திய அனுமன் பிற்காலச் சிற்பியும் காலண்டர் ஓவியரும் தந்த உருவம். வால்மீகியின் அனுமன் மரத்தைப் பிடுங்கி அடிப்பவன், பாறையைப் பெயர்த்து எறிபவன். அசோகவன வாயிலில் இரும்பு உழலை ஒன்றைப் பறித்து அரக்கரை அடிக்கும் இடம் சுந்தர காண்டத்தில் உண்டு. டிராகன் அரசனின் கருவூலத்திலிருந்து வுகோங் கொண்டுவரும் 13,500 ஜின் எடைத் தடிக்கு ஒப்பாகக் காட்டத் தகுந்தது அதுதான். அதைச் சொல்லியிருந்தால், நூலைத் திறந்தாவது பார்த்திருக்கிறார் என்று மதித்திருப்பேன். சுரசையின் வாய்க்குள் அனுமன் புகுந்து வருவதும் இரும்பு விசிறி இளவரசியின் வயிற்றுக்குள் வுகோங் புகுந்து ஆட்டம் போடுவதும் ஒப்பிடத் தக்கவை. அறிஞர்கள் நின்று பேசிய அந்த இடத்தைக் கட்டுரையாளர் தாண்டிப் போய்விட்டார்.

பட்டியலைத் தள்ளிவிட்டு ஆட்களைப் பார்ப்போம். 1592இல் நான்ஜிங்கில் அச்சான நூறு அத்தியாய ‘மேற்கு நோக்கிய பயணம்’ நாவலில் வுகோங் பெற்றோர் இல்லாமல் கல்லிலிருந்து பிறக்கிறான். குரங்குகளுக்கு அரசனாகிச் சுகமாக இருக்கும்போது ஒருநாள் அழுகிறான், ஏனென்றால் தானும் ஒருநாள் சாக வேண்டும் என்பது உறைக்கிறது. அந்தச் சாவுபயத்தில்தான் அவன் கதை கிளம்புகிறது. எமலோகத்துக்கே போய்ப் பதிவேட்டில் தன் பெயரையும் தன் கூட்டத்தாரின் பெயர்களையும் மையடித்து அழிக்கிறான். தேவலோகத்தில் குதிரை லாயத்து வேலை கொடுத்து ஏமாற்றியதும் கொதித்து, விண்ணுக்கு நிகரான மகாமுனி என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்கிறான். அமரத்துவப் பழங்களைத் தின்று தீர்த்து, லாவோட்சுவின் மாத்திரைகளை விழுங்கி, தேவ சேனையைப் பந்தாடுகிறான். முதல் ஏழு அத்தியாயமும் அரசாங்கத்தை எதிர்த்த ஒரு கலகக்காரனின் வரலாறு. புத்தர் அவனை மலைக்கடியில் ஐந்நூறு வருடம் அழுத்தி வைத்த பிறகுதான் ஊழியம் என்ற பேச்சே வருகிறது.

அதுவும் என்ன ஊழியம்! மேற்கே பயணம் போகும் துறவிக்குச் சிஷ்யனாகச் சேர்ந்த சில நாளிலேயே ஆறு கொள்ளையரை அடித்துக் கொல்கிறான், குரு கண்டித்ததும் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். திரும்பி வந்தவன் தலையில் தந்திரமாக ஒரு வளையத்தை மாட்டுகிறார்கள். குரு மந்திரம் சொன்னால் வளையம் இறுகும், அவன் வலியில் தரையில் புரள்வான். வெள்ளெலும்புப் பிசாசின் வேஷத்தை அவன் சரியாகவே கண்டுபிடித்துக் கொன்றதற்கு, அந்தக் குரு அவனைத் துரத்தியே விடுகிறார். சிஷ்யனுக்குத் தெரிவது குருவுக்குத் தெரியவில்லை, ஆனால் வளையத்தின் மந்திரம் குருவின் வாயில் இருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த உறவு புரியும்.

அனுமன் தலையில் யார் வளையம் மாட்டினார்கள்? சாபத்தால் தன் பலத்தையே மறந்து கடற்கரையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவன் அவன். ஜாம்பவான் சொல்லித்தான் நினைவு வருகிறது. வுகோங் தன் பலத்தை ஒரு நிமிடம்கூட மறந்தவனில்லை, எதிரில் வருகிறவனுக்கெல்லாம் தன் வீரப்பிரதாபத்தை ஒப்பிக்காமல் சண்டையைத் தொடங்க மாட்டான். அனுமன் முதல் சந்திப்பிலேயே, பேசிய பேச்சிலேயே இராமனை வென்றவன், சொல்லின் செல்வன். சிறுவயதில் சூரியனைப் பிடிக்கத் தாவி இந்திரனிடம் அடிவாங்கிய அந்தக் குறும்பு ஒன்றுதான் வுகோங்கை நினைவூட்டும். இந்த இருவரில் ஒருவரை மற்றவரின் நகல் என்பவர் ஒருவரையும் படிக்கவில்லை.

சோழ வணிகர் கதைக்கு வருவோம். குவான்சோ துறைமுகத்தில் தமிழர் இருந்தது உண்மை. அங்கே கிடைத்த தமிழ்-சீனக் கல்வெட்டு 1281ஆம் ஆண்டுக்குரியது. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அதே ஊரின் கைய்யுவான் பௌத்த ஆலயத்தில், மேற்குக் கோபுரத்தில், வாளேந்திய குரங்குத்தலை வீரனின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. கட்டுரையாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டல் போட்டுவிட்டார். ஆண்டைப் பார்க்க வேண்டாமா? அந்தக் கோபுரம் 1237இல் முடிந்துவிட்டது. கல்வெட்டு அதற்கு 44 ஆண்டு இளையது. 1281இல் சோழ அரசே இல்லை. கடைசி அரசன் மூன்றாம் இராசேந்திரனின் காலம் 1279ஓடு முடிகிறது.

தமிழ் வணிகர் அதற்கு முன்பே போயிருக்கலாம், உண்மைதான். இராசராசனின் தூதர்கள் 1015இல் சீன அரசவையை அடைந்தார்கள். ஆனால் ‘போயிருக்கலாம்’ என்பதற்கும் ‘கதையைக் கொடுத்தார்கள்’ என்பதற்கும் நடுவே ஒரு கடல் கிடக்கிறது. போதாததற்கு, கன்சு மாகாணத்தின் யூலின் குகைகளில், கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, பாலைவன ஓரத்தில், துறவியும் குதிரையும் குரங்குமுகத் துணையாளும் சேர்ந்த சுவரோவியங்கள் உள்ளன. அவை மேலை ஷியா அரசின் காலத்தவை. அந்த அரசு 1227இல் மங்கோலியரிடம் அழிந்தது. அங்கே எந்தத் தமிழ்க் கப்பல் போய் நின்றது?

இந்தியாவுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. அது கட்டுரையாளருக்குப் பிடிக்காத வழியில் வந்தது. மூன்றாம் நூற்றாண்டில் காங் செங்ஹுய் என்ற பௌத்தத் துறவி சீனத்தில் தந்த கதைத்தொகுதியில் ஓர் அரசன் நாட்டை இழக்கிறான், அரசியை நாகன் ஒருவன் கவர்ந்து போகிறான், குரங்குகள் கடலை அடைத்து அவளை மீட்க உதவுகின்றன. இராமாயணத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஆனால் இராமன் என்ற பெயர் இல்லை. சீதை என்ற பெயர் இல்லை. அணைகட்ட யோசனை சொல்வது குட்டிக் குரங்கு வேடத்தில் வந்த இந்திரன். அனுமனே இல்லாத இராமகதை சீனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

நாவலின் துறவிக்கு மூலமான யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்தவர். தம் பயணக்குறிப்பில் வைசாலியைப் பற்றி எழுதும்போது, புத்தருக்காகக் குரங்குகள் தோண்டிய குளத்தையும், அவருடைய பிச்சைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மரமேறித் தேன் எடுத்து வந்த குரங்குகளையும் குறிக்கிறார். ஹாங்சோவின் லிங்யின் ஆலயத்தருகே ஒரு குன்று நிற்கிறது. அது இந்தியாவிலிருந்து பறந்து வந்த கழுகுமலையின் துண்டு என்று 326இல் ஹுய்லி என்ற இந்தியத் துறவி சொன்னதாகவும், நம்பாதவர்களுக்கு நிரூபிக்க அதன் குகையிலிருந்து ஒரு வெள்ளைக் குரங்கை அழைத்துக் காட்டியதாகவும் ஐதீகம். பறக்கும் மலை, இந்தியா, குரங்கு மூன்றும் ஒரே கதையில்! கட்டுரையாளர் தம் வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சியைத் தேடிப் பிடிக்க முடியாது. பௌத்தம் என்ற வாசல் வழியாக உள்ளே போயிருந்தால் கிடைத்திருக்கும். அவர் கட்டுரையில் புத்தர் ஒரு தடவைதான் வருகிறார், அதுவும் விஷ்ணுவின் அவதாரமாக.

தாய்லாந்தைப் பற்றி அவர் எழுதிய பத்திதான் எனக்குச் சினமூட்டியது. முதலாம் இராமா மன்னரின் பெயரில் 1797இல் உருவான இராமகியனில் அனுமன் காதல் மன்னன். சேதுவின் கற்களைக் களவாட வந்த இராவணன் மகள் சுவர்ணமச்சாவைப் பிடிக்கப் போய் அவளிடம் மயங்குகிறான், விபீடணன் மகள் பெஞ்சகாயையும் விடவில்லை. கொட்டாவி விட்டால் வாயில் நட்சத்திரமும் நிலவும் தெரியும். பாங்காக் மரகத புத்தர் ஆலயத்தின் சுற்றுமண்டபத்தில் 178 சுவரோவியங்களாக விரியும் கதையில் அவனுக்குத் தனி மவுசு. கட்டுரையாளர் இதை அறியாமையால் வந்த திரிபு என்கிறார்.

திரிபா? நம் தோல்பாவைக் கூத்தில் விடிய விடிய நடக்கும் மயில்ராவணன் கதையில், பாதாள வாசலில் அனுமனை மறித்துச் சண்டை போடுகிறவன் மச்சவல்லபன். அவன் அனுமனின் மகன், மீன் வயிற்றில் பிறந்தவன். இராமகியனிலும் சுவர்ணமச்சா பெற்ற மச்சானு, பாதிக் குரங்கு, பாதி மீன், அதே வேலையைத்தான் செய்கிறான். நம் ஊரில் மீன் விழுங்கிய வியர்வைத் துளியை வைத்து அனுமனின் பிரம்மச்சரிய விரதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்; தாய்லாந்தில் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மூலத்திலிருந்து விலகுவது குற்றம் என்றால் முதல் கைவிலங்கு கம்பனுக்குத்தான் விழும். வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் தூக்கிச் செல்கிறான். கம்பனின் இராவணன் தொடாமல் நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். தமிழ் மரபின் கற்புக் கருத்துக்காகக் கம்பன் மாற்றினால் மேதைமை, சயாமியர் தங்கள் சுவைக்காக மாற்றினால் அறியாமையா? அனுமனை இராமனுக்கே மகனாக்கிய மலாய் இதிகாசம் ‘ஹிகாயத் செரி ராமா’ இவர் கண்ணில் படாமல் போனது மலாய்க்காரர்களின் அதிர்ஷ்டம்.

பாலித்தீவின் ‘கெச்சாக்’ நடனத்தை ஆயிரம் வருடப் பழைமையான இராமாயண வழிபாடு என்கிறார். ஆவேசம் வந்து ஆடும் சங்ஹியாங் சடங்கின் கூட்டுக்குரலை எடுத்து, இராமகதையோடு பிணைத்து, 1930களில் வாயான் லிம்பாக் என்ற பாலி நடனக்காரரும் வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியரும் அமைத்த வடிவம் அது. சுற்றுலாப் பிரசுரத்தைப் படித்து ஆய்வு எழுதினால் இப்படித்தான் ஆகும்.

போகிற போக்கில் காந்தியின் மூன்று குரங்குகளையும் இந்திய ஞானத்தின் கணக்கில் வரவு வைத்திருக்கிறார். கண்ணையும் காதையும் வாயையும் பொத்திய அந்த மூவரின் பெயர்பெற்ற உருவம் ஜப்பானின் நிக்கோ நகரில், ஷோகன் தொகுகாவா இயெயாசுவின் நினைவாலயத்தில், பதினேழாம் நூற்றாண்டுக் குதிரை லாயத்தின் மேல் செதுக்கப்பட்டிருக்கிறது. அறுபது நாளுக்கொருமுறை கண்விழிக்கும் கோஷின் விரதக் கற்களில் அவர்களைக் கிராமம் கிராமமாகப் பார்க்கலாம். தகாததைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே என்ற போதனை கன்பூசியசின் உரையாடல்களில் உள்ளது. காந்தியிடம் இருந்தது அன்பளிப்பாக வந்த பொம்மை.

விளையாட்டு நிறுவனத்திடம் நன்றி கேட்டு மனு அனுப்பப்போவதாகக் கட்டுரையை முடித்திருக்கிறார். தாராளமாக அனுப்பட்டும். அதே தபாலில் நிக்கோ ஆலயத்துக்கும் ஒரு கடிதம் போடட்டும், நம் பள்ளிக்கூடச் சுவர்களிலும் பொம்மைக்கடைகளிலும் இத்தனை வருடமாகக் குந்தியிருக்கும் மூன்று குரங்குகளுக்கு நாம் எவ்வளவு பாக்கி என்று கேட்டு.